செருப்புக் கடி போல ஒரு சீட்டுக் கடி
(முன்னாள் மாணவியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது' என்று பேசச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். உருப்படியாகக் கற்றுக்கொண்டது சைக்கிள்தான். அதிலும் சைக்கிள் சீட்டில் உட்கார்வது எப்படி என்பதைத்தான். சிரிக்காதீர்கள். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு தடவை வாய்ப்பு வந்தது.

1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி, அது வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த கதையானது. அவர் எழுதாத ஒரு சங்கதியைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

நான் அப்போது இரண்டாம் ஆண்டு. அறிவொளித் தொண்டராகப் பெயர் கொடுத்திருந்தேன். எனக்கு ஒதுக்கிய ஊர் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். பஸ் கிடையாது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தால்தான் போய் வரலாம். நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் சேர்ந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம். வாடகைக் கடையில் ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டோம். விழப்போனால் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளலாம் அல்லவா!

மூன்றாம் நாள் என்னால் வகுப்பில் பெஞ்சில் உட்கார முடியவில்லை. உட்காரும் எலும்பு இரண்டும் அடி வாங்கினது போல வலி. அதோடு பாவாடை மடிப்பு கயிறு மாதிரி சுருண்டு அடியில் சிக்கி, தொடையெல்லாம் உரசிப் புண். தண்ணீர் பட்டால் எரியும். அம்மாவிடம் சொன்னால் 'இதுக்குத்தான் பொம்பளப் பிள்ளைக்கு சைக்கிள் வேணாம்னேன்' என்பார்கள். சைக்கிள் கடை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? தோழியிடம்கூடச் சொல்லவில்லை. என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே தோழி நின்றுவிட்டாள். 'வீட்டுல விடமாட்டேங்கிறாங்கடி' என்றாள். நான் நம்பினேன்.

நானும் நின்றிருப்பேன். இரவு வகுப்பில் கல் உடைக்கும் வேலை செய்கிற ஒரு அக்கா படித்தார். அவரும் புதிதாகச் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் நடப்பதைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்:

'ஏம் புள்ள கெந்திக் கெந்தி நடக்குற? சீட்டு கடிச்சிருச்சா?'

எனக்கு மானம் போனது போல இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷம் அந்த அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். 'எனக்கும்தான்.' 'நாலு நாளா குப்புறத்தான் படுக்கேன்.' 'எம் வீட்டுக்காரரு என்னன்னு கேட்டா, கல்லு குத்திருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.' அன்றைக்கு எழுத்துப் பாடம் நடக்கவில்லை. பாடம் எனக்குத்தான் நடந்தது. புதுச் செருப்புக் கடிப்பது போலப் புதுச் சீட்டும் கடிக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அந்த அக்கா சொன்னார். 'உள்ள ஒங்க அண்ணன் டவுசரப் போட்டுக்க. தேங்காண்ண தடவிக்க. ஒரு நாள் ஓட்டு, ஒரு நாள் விடு' என்றார். மூன்று வாக்கியம். அதற்குப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன், இதைத் திருத்த எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் அவரே என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், 'இந்தப் பிள்ளைக்குச் சீட்டைச் சரி பண்ணிக் குடுப்பா' என்றார். கடைக்கார அண்ணன் என்னை ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்தார். 'முட்டி நெஞ்சுல இடிக்குது, பாக்கலியா?' என்று ஸ்பானரை எடுத்துச் சீட்டை ஏற்றினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலே தரைக்கு எட்டவில்லையே!

அவர் சொன்னார்: 'சீட்டுல உக்காந்துக்கிட்டே கால ஊனணும்னு யாரு சொன்னா? நிக்கும்போது பிரேக்கப் பிடிச்சு, சீட்ட விட்டு முன்னால எறங்கணும். ஒரு கால் பெடல்ல, ஒரு கால் தரையில.'

இதை ஒரு சாயங்காலம் முழுக்கப் பழகினேன். ஏறு, நாலு மிதி, இறங்கு. ஏறு, நாலு மிதி, இறங்கு. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்று தோன்றியிருக்கும். ஆனால் எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிடலாம் என்று தெரிந்த பிறகுதான் பயம் விட்டது. பயம் விட்டதும் உடம்பு தளர்ந்தது. அதற்கு முன்னால் மூட்டை மாதிரி சீட்டில் கனத்து உட்கார்ந்து, ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்து, குழி வந்தாலும் எழுந்திருக்காமல் அத்தனை அடியையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தேன். பயத்தில் சீட்டை இறக்கினேன். இறக்கியதால் காலில் போக வேண்டிய பாரமெல்லாம் சீட்டில் இறங்கியது. வலித்ததால் இன்னும் பயந்தேன். இந்தச் சுழலிலிருந்து என்னை வெளியே எடுத்தது அந்த ஸ்பானர்.

1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளில் வந்தவர்கள் ஏராளம். பிள்ளையை முன்னால் பாரில் உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. என் தோழி சாலை ஓரத்தில் நின்று எனக்குக் கை காட்டினாள்.

அவள் ஏன் நின்றாள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்து, இதே சங்கத்தின் கூட்டம் ஒன்றில்தான் தெரிந்தது. வீட்டில் யாரும் தடுக்கவில்லை. சீட்டு உரசிய இடத்தில் கொப்புளம் வந்து பழுத்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் அவதிப்பட்டிருக்கிறாள். படிப்பு முடிந்து பஸ் போகாத ஊரில் பால்வாடி வேலை வந்தபோது, சைக்கிள் தெரியாததால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரே சைக்கிளில் மாறி மாறி ஏறின எங்கள் இருவருக்கும் ஒரே வலி. அவளிடம் 'சீட்டு கடிச்சிருச்சா' என்று கேட்க ஆள் இல்லை. நான் கேட்டிருக்கலாம். அவளிடம் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டாவது தடவை, 2020-ல். கல்யாணம், வேலை, ஸ்கூட்டர் என்று 25 வருஷம் சைக்கிளைத் தொடவே இல்லை. ஊரடங்கு சமயத்தில் மகளின் சைக்கிளை எடுத்தேன். நமக்குத்தான் தெரியுமே என்ற தைரியம். மூன்றாம் நாள் பழைய கதை! மெத்து மெத்தென்று ஒரு ஜெல் உறை வாங்கிப் போட்டேன், வலி கூடியது. பஞ்சு மெத்தையில் எலும்பு அமுங்கிப்போக, நடுவில் இருக்கும் மெல்லிய சதை அழுந்துகிறது. உட்காரும் எலும்பு இரண்டையும் தாங்கும் அகலம் வேண்டும், அமுங்காத உறுதியும் வேண்டும். பெண்களுக்குப் பொதுவாக அந்த எலும்புகளின் இடைவெளி அதிகம் என்பதால் ஒடுங்கிய சீட்டு ஒத்துக்கொள்வதில்லை. சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தாலும் ஆகாது. இப்போது கடையில் திண்டு வைத்த டவுசர் விற்கிறார்கள். சுடிதாருக்குள் போட்டுக்கொள்கிறேன். அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசும். அண்ணன் டவுசரின் நாகரிக வடிவம்தான் அது.

எலும்பு வலி ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். தோல் எரிச்சல் பழகாது. வந்ததும் குளித்து, உலர்ந்த துணி மாற்றி, ஆறும் வரை ஓட்டாமல் இருங்கள். மரத்துப்போனால் மட்டும் பொறுத்துக்கொள்ளவே கூடாது. உடனே இறங்கி நில்லுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் சீட்டை மாற்றுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

தங்கைகளே, பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் வாங்கியவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (நிறையக் கைகள் உயர்கின்றன.) அதன் சீட்டை ஒரு தடவையாவது உங்கள் உயரத்துக்கு மாற்றியவர்கள்? (சிரிப்பு.) அதுதான் பார்த்தேன். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். முட்டி நேராக நிற்க வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் லேசாக மடங்கும். அதுதான் உங்கள் உயரம். ஒரே நாளில் ஏற்றாதீர்கள், பயம் வரும். வாரம் ஒரு விரல்கடை போதும்.

போன மாதம் சித்தன்னவாசல் வரை ஓட்டிப் போய் வந்தேன். நடுவில் நாலு தடவை இறங்கி நின்று தண்ணீர் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது வரிசைக்காரி நாளைக் காலை ஆறு மணிக்குக் கல்லூரி மைதானத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். முதல் நாள் அவளுக்குச் சீட்டு இறக்கித்தான் இருக்கும். சைக்கிளும் ஸ்பானரும் நான் கொண்டு வருகிறேன். வேறு யாராவது வருவதென்றால் பேர் கொடுங்கள்.