பார்க்கும் பிள்ளையும் படைக்கும் பிள்ளையும்

(கீழ்பென்னாத்தூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



கூரை ஒழுகுகிறதா, சுற்றுச்சுவர் சரிந்திருக்கிறதா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்துவிட்டுப் போகவேண்டிய அதிகாரி, பாடம் நடத்தும் முறையைப் பற்றிப் பேச முன்வருவது பொருத்தமா என்ற ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். பள்ளிக் கட்டடத்தைப் பேணுவது ஒன்றியத்தின் கடமை. அதனுள் நடைபெறும் கல்வி உங்கள் கடமை. இந்த எல்லைக்கோட்டை நான் நன்கு அறிவேன். எனினும் கட்டடத்தோடு கட்டடமாகச் சுவரில் வந்து அமர்ந்துவிட்ட ஒரு சாதனத்தைப் பற்றி நாம் இரு சாராரும் கூடிப் பேசவேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்கிறது. திறன்மிகு வகுப்பறையின் திரையைத்தான் சொல்லுகிறேன்.

2018-ஆம் ஆண்டு முதல் நமது பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சாகி வருகின்றன. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' இயக்கம் தொடங்கியது. 2023-இல் 'மணற்கேணி' செயலி வந்தது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கவும், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி வழங்கவும் அரசு திட்டமிட்டுச் செலவு செய்திருக்கிறது. ஆகவே கருவி இல்லை என்று முறையிடும் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. அந்தக் கருவியைக் கொண்டு பிள்ளை என்ன செய்கிறது என்பதே இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி.

நான் பள்ளிகளுக்கு வரும்போது காணும் காட்சி ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது. திரையில் ஒரு பாடல் ஓடுகிறது. பிள்ளைகள் கைகட்டி அமர்ந்து பார்க்கிறார்கள். முடிந்ததும் கைதட்டுகிறார்கள். இதனால் பயன் இல்லை என்று நான் கூறமாட்டேன். மலையையும் கடலையும் காணாத பிள்ளைக்கு அவற்றைக் காட்டுவது நல்ல காரியமே. ஆனால் அங்கே பிள்ளை பார்வையாளனாகவே இருந்துவிடுகிறது. கருவி பேசுகிறது, பிள்ளைக்கு வாய் இல்லை.

கிராம அபிவிருத்தி இலாகாவில் பணியாற்றுவோருக்கு இது புதிய அனுபவமன்று. பஞ்சாயத்து வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி மாலைதோறும் ஊர் நடுவே பேசிய காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோளின் துணைகொண்டு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தனி நிகழ்ச்சிகள் இருந்தன. அது மகத்தான முயற்சிதான். ஆனால் நிகழ்ச்சி தயாரானது ஓரிடம், அதைப் பார்த்தது வேறிடம். அதே 1975-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் வேறொரு வழியைக் கையாண்டார்கள். பீஜ் என்னும் ஊரில் ஒரு சிறிய ஒளிபரப்பு நிலையத்தை வைத்துக்கொண்டு, அந்த வட்டாரத்து மக்களின் சிக்கல்களை அவர்களுடைய பேச்சிலேயே, அவர்களையே பங்குகொள்ளச் செய்து படமாக்கினார்கள். கிராமியத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு 1984-இல் அந்த முயற்சிக்குக் கிட்டியது. நம் வகுப்பறைகளுக்கு வேண்டியது இந்தக் கேடா வழிதான் என்பது என் கருத்து.

தொடக்கப் பள்ளியில் இது நடக்கக்கூடியதா என்று கேட்பீர்கள். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி என்னும் சிற்றூரை எண்ணிப் பாருங்கள். ரஞ்சித்சிங் திசாலே என்ற ஆசிரியர் 2009-இல் அங்குள்ள ஜில்லா பரிஷத் தொடக்கப் பள்ளியில் பணியேற்றபோது, பள்ளி மாட்டுத் தொழுவத்துக்கும் கிடங்குக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்தது. பாடநூல் மராத்தியில், பிள்ளைகள் வீட்டில் பேசியதோ கன்னடம். அவர் முதலில் கருவியைத் தேடவில்லை, கன்னடத்தைக் கற்றார். பிறகு பாடங்களைப் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் மாற்றினார். பாட்டு, கதை, காணொளி ஆகியவற்றை விரைவுக் குறியீடுகள் வாயிலாக நூலோடு இணைத்தார். 2017-இல் அம்மாநிலமே அம்முறையை மேற்கொண்டது. 2020-இல் பத்து லட்சம் டாலர் பெறுமான உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தளித்தார்.

நம் பிள்ளைகளுக்குப் பாடநூலின் மொழி அயல்மொழியன்று. ஆயினும் ஒரு சிறு இடைவெளி இங்கும் உண்டு. புத்தகம் 'நிலக்கடலை' என்கிறது. நமது வட்டாரத்துப் பிள்ளை 'மல்லாட்டை' என்கிறது. அந்தச் சொல்லை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்று பிள்ளை எப்படியோ கற்றுக்கொண்டுவிடுகிறது. அதோடு தன் வீட்டையும் பாட்டன் பாட்டியையும்கூட வாசலில் விட்டுவிடுகிறது.

நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிறு பள்ளியில் நான் கண்டதைக் கூறுகிறேன். பெயர் வேண்டா, அந்த ஆசிரியை விளம்பரத்தை விரும்பாதவர். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் இரண்டும் சேர்ந்து பதினேழு பிள்ளைகள். கருவி என்று இருந்தது ஆசிரியையின் கைக்கணினி ஒன்றே. பள்ளிக்கு எதிரே உள்ள பாழ்ங்கிணற்றின் மேல் இரண்டு கற்றூண்கள் நிற்கின்றன. அவை எதற்கு என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆசிரியைக்கும் தெரியவில்லை. "வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார். மறுநாள் பாதிப் பிள்ளைகள் ஒரே சொல்லோடு வந்தார்கள்: கவலை.

மின்சார மோட்டார் வருவதற்கு முன் மாடுகளைப் பூட்டித் தண்ணீர் இறைத்த கவலையை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். பிள்ளைகளுக்கோ அந்தச் சொல் மனவருத்தத்தைக் குறிப்பது மட்டுமே. தண்ணீர் இறைப்பதற்கும் வருத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒரு சிறுவன் கேட்டானாம். நல்ல கேள்விதான், எனக்கும் விடை தெரியாது.

மூன்று வாரம் அந்த வேலை நடந்தது. கேள்விகளைப் பிள்ளைகளே எழுதினார்கள். எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து வந்தார்கள். ஒரு பிள்ளை கேள்வி கேட்க, ஒரு பிள்ளை கருவியைப் பிடிக்க, இன்னொரு பிள்ளை புதிய சொற்களைக் குறித்துக்கொண்டது. வேப்பமரத்தடியில் எடுத்த முதற் பதிவில் காற்றும் சேவலுமே கேட்டன. பெரியவர் குரல் கேட்கவில்லை. எனவே வகுப்பறைக்குள் கதவைச் சாத்திவிட்டு மீண்டும் எடுத்தார்கள். சால், வடம், தும்பி என்று ஒவ்வொரு உறுப்பின் பெயரும் வந்தது. சரிவில் இறங்கித் தண்ணீரை இழுத்த மாடுகள் அப்படியே பின்னோக்கி நடந்து மேலேறும் என்றார் பெரியவர். தன் தாத்தா வேறு மாதிரி சொன்னதாக ஒரு சிறுமி மறுத்தாள்: கீழே இறங்கிய ஜோடியை அவிழ்த்துத் திருப்பி ஓட்டிவருவார்கள், அதற்குள் இன்னொரு ஜோடி இறங்கும் என்று. எது சரி? நூலும் தகரக் குவளையும் கொண்டு சிறு கவலை செய்து பார்த்தார்கள். இரு முறைகளும் வழக்கில் இருந்தவையே என்று தெரிந்தது. ஒரு ஜோடி மாடு உள்ளவர் ஒரு விதமாகவும், இரு ஜோடி உள்ளவர் வேறு விதமாகவும் இறைத்திருக்கிறார்கள். ஊர்ப் பொருளாதாரப் பாடம் ஒன்று, பாடநூலின் உதவியின்றியே அங்கே நடந்தேறிவிட்டது.

பிறகு பக்கத்துக்கு ஒரு படம் வரைந்து, அதைப் படமெடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிள்ளை தன் குரலில் வாசித்துச் சேர்த்தது. பதினொரு பக்கம், ஆறு நிமிடம். இதில் ஒரு விஷயத்தை நான் மறக்க இயலாது. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்கும் சிறுவன் ஒருவன். தன் பக்கத்தைப் பதிவு செய்து, தன் குரலைத் தானே கேட்டு, "இன்னொரு தடவ டீச்சர்" என்று ஒன்பது முறை வாசித்திருக்கிறான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. பிழையை யாரும் சுட்டிக்காட்டவுமில்லை. அவன் காதே காட்டிற்று. வாசிப்புப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த கருவியை இந்த ஒன்றியத்தில் நான் கண்டதில்லை.

கவலை ஓட்டிய கைகள் நம் ஊர்களில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? சிலவே. ஏற்றப்பாட்டு அறிந்தவர்கள், கூத்தில் வேடம் கட்டியவர்கள், ஏரி மதகில் முறை வைத்துத் தண்ணீர் விட்டவர்கள் எல்லோரும் அந்த வயதினரே. பத்தாண்டு கழித்துப் பதிவு செய்யலாம் என்றால் பதிவு செய்ய ஆள் இருக்காது. இந்த அவசரம் கருவிக்கு இல்லை, நமக்கு உண்டு.

கணக்குப் பாடத்துக்கு வேறொரு வழி இருக்கிறது. வாசற்கோலம் கணிதத்துக்குரிய பொருள் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்கள் தமிழ்நாட்டவரே. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும் 1974-இல் கோலங்களைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்னும் மென்பொருள் இலவசமானது. இணையம் இல்லாமலும் மடிக்கணினியில் இயங்கும். 'இத்தனை அடி நட, இத்தனை பாகை திரும்பு, நான்கு முறை செய்' என்று கட்டளைக் கட்டைகளை அடுக்கினால், திரையிலுள்ள பூனைப் பொம்மை கோடு போட்டுச் செல்லும். சதுரம் வரையத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, திருப்பத்தைச் சற்று மாற்றிப் பூக்கோலம் போட்டுவிடும். கோணம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு விளக்கவேண்டியதில்லை. எழுத்தறியாத சிறு பிள்ளைகளுக்கென 2014-இல் வந்த ஸ்கிராட்ச் ஜூனியரில் சொற்களே இல்லை, படங்கள்தாம். கதை எழுத விரும்பும் பிள்ளைகளுக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் உதவும். அங்குள்ள படங்களை எடுத்துத் தமிழில் புதுக் கதை சேர்க்கலாம்.

எச்சரிக்கையாகச் சிலவற்றையும் கூறவேண்டும். பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று பெருந்திட்டம் நடத்தினார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது: மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை. பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டால் கல்வி தானே நடக்கும் என்று நம்புவோர் இதைக் கவனிக்கவேண்டும். நான் கூறிய பள்ளியிலும் மூன்று வாரத்தில் கருவியைத் தொட்ட நேரம் மிகக் குறைவு. கேட்டதும், எழுதியதும், வரைந்ததும், சண்டையிட்டதுமே பெரும்பகுதி.

மற்றொன்று, பிள்ளைகளின் முகம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் ஒருபுறம் இருக்க, நம் வீட்டுப் பிள்ளையின் படம் முன்பின் தெரியாதவர் கைபேசியில் சுற்றுவதை நாம் விரும்புவோமா? பிள்ளையின் ஓவியமும் குரலும் போதும். அவற்றையும் வாட்ஸ்அப் குழுக்களில் இறைக்கவேண்டா. பெரியவர்களிடமும் கேட்டுக்கொண்டே பதிவு செய்யவேண்டும்.

அப்படியானால் யாருக்குக் காட்டுவது? ஊருக்குத்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தங்கள் ஏரிக்கு நீர் எந்தக் கால்வாய் வழியாக வருகிறது, அது எங்கே தூர்ந்து கிடக்கிறது என்று பிள்ளைகள் எடுத்த ஐந்து நிமிடப் பதிவை அன்று சபையில் போட்டுக் காட்டினால், எங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களைவிட அது உரக்கப் பேசும். அதனால் எனக்கு வேலை கூடும் என்பது தெரிந்தே சொல்லுகிறேன்.

ஒன்றியத்தின் பங்குக்கு வருகிறேன். கருவிகளை வைக்கப் பூட்டுள்ள அலமாரி இல்லாத பள்ளிகளும், மின்இணைப்பில் பழுதுள்ள பள்ளிகளும் இந்த வார இறுதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். செய்து முடிக்கும் ஒவ்வொரு பதிவிலும் ஒரு படியை நினைவகத் தட்டில் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஊர்வாரியாகச் சேமித்து வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். கவலைக் கிணற்றுப் பதிவை ஆசிரியையின் இசைவோடு கொண்டுவந்திருக்கிறேன். திரையைச் சற்று இப்பக்கம் திருப்பினால் எல்லோரும் பார்க்கலாம். பார்த்த பிறகு உங்கள் ஐயங்களைக் கேட்கிறேன்.