முற்றத்தை மூடிவிட வேண்டாம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நினைவாகச் சங்கத்தின் முன்பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். முற்றத்துக்குக் கல் பதிக்கலாம், குளிரூட்டிய வகுப்பறையும் பெரிய திரையும் அமைக்கலாம் என்று யோசனைகள் வந்துள்ளன. எல்லாம் நல்ல மனதோடு சொல்லப்பட்டவை. ஆனாலும் சிறுபிள்ளைகளைத் தினமும் பார்க்கும் வைத்தியராக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: அந்த மண்முற்றத்தையும் வேப்பமரத்தையும் அப்படியே விட்டுவையுங்கள்.

இது புது மோகம் அல்ல. ஜேர்மனியில் 1837 இல் சிறுவர் பள்ளி தொடங்கிய புரோபல், 1840 இல் அதற்குச் 'சிறுவர் தோட்டம்' என்று பெயர் வைத்தார். அது வெறும் உவமை அல்ல. அங்கே பிள்ளைகளுக்குப் பயிரிடப் பாத்திகள் இருந்தன. 1914 இல் இலண்டனின் டெப்ட்போர்ட்டில் மார்கரெட் மக்மில்லன் திறந்தவெளி முன்பள்ளி நடத்தியது ஏழைப் பிள்ளைகளின் உடல்நலத்துக்காக.

கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில், எமது பிள்ளைகளைவிடச் சற்று மூத்த முதலாம் வகுப்பு மாணவர்களைப் பாடசாலை நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30 வீதமானோருக்குக் குறும்பார்வை வந்தது; மற்றப் பாடசாலைகளில் ஏறத்தாழ 40 வீதம். இந்த முடிவு 2015 இல் வெளியானது.

அடுத்தது கை. மூன்று வயதில் மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறோம். மண் பிசைவதும், புளியங்கொட்டை பொறுக்குவதும், சிரட்டையில் தண்ணீர் மொள்ளுவதும் பின்னர் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களைப் பலப்படுத்தும்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடலை அசைக்க வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வழிகாட்டியது. வீட்டில் கைத்தொலைபேசி ஏற்கெனவே அந்த ஒரு மணியை எடுத்துவிடுகிறது.

"அப்ப எப்ப படிக்கிறது?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். வேப்பிலையையும் கொய்யா இலையையும் பக்கத்தில் வைத்து எது நீளம் என்று பார்ப்பது கணிதம். எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது என்று ரீச்சரிடம் கேட்பது மொழியும் விஞ்ஞானமும். கொப்பியில் தெரியாததால் அது படிப்பு இல்லை என்றாகிவிடாது.

பயமும் நியாயமே. அதற்குச் செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். காலை வெயில் ஏறுமுன் வெளியே விட வேண்டும். காலில் செருப்பு, திரும்பியதும் சவர்க்காரத்தால் கைகழுவல். நாய், பூனை அசுத்தம் செய்யாதபடி மணற்குழிக்கு மூடி. நுளம்பு பெருகாமல் சிரட்டைகளைத் தினமும் கவிழ்த்து வைத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளைக் கண்பார்வையில் வைத்திருக்க இன்னொரு உதவியாளர்.

ஆகவே, அனுப்ப நினைக்கும் பணத்தை இவற்றுக்கு அனுப்புங்கள்: பிள்ளைகளின் உயரத்துக்குத் தண்ணீர்க் குழாய்கள், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு கொட்டில், மூடியுள்ள மணற்குழி, உதவியாளருக்கு மாதக் கொடுப்பனவு. இவற்றில் கடைசியானது திறப்புவிழாப் படத்தில் வராது. ஆனால் அது இல்லாவிட்டால் ரீச்சர் கதவைப் பூட்டித்தான் வைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உள்ளவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். முன்பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் "இண்டைக்கு எத்தனை பக்கம் எழுதினீங்கள்?" என்று கேட்காதீர்கள். "இண்டைக்கு என்ன கண்டீங்கள்?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்பதைப் பார்த்துத்தான் முன்பள்ளியும் நடக்கும்.