கைநாட்டும் காலக்கெடுவும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

அன்றாட வாழ்வில் நமக்குள்ள சட்ட உரிமைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் வழக்கறிஞன் அல்லன், பள்ளி ஆசிரியன். எனினும், அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் அறைக்குப் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக மட்டும் வருவதில்லை. “இந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, ஐயா?” என்று கேட்டும் வருகிறார்கள். அவர்களுள் பலர் கைநாட்டு வைத்த பிறகே வருகிறார்கள் என்பதுதான் துயரம். ஆகவே, சட்டப் புத்தகத்தை ஒப்பிக்காமல், அந்தக் காகிதங்களைப் பற்றியே உங்களிடம் பேச விழைகிறேன்.

நமக்கு உரிமை வழங்கும் சட்டங்களுக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையையே ஏற்றிருந்தார் என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். ஆயினும் நம் மக்களின் உரிமைகள் நீதிமன்றத்தில் தோற்பதைவிட, நீதிமன்றத்தை எட்டுமுன் நம் வீட்டுத் திண்ணையிலேயே தோற்றுப்போவதே மிகுதி. அவற்றைத் தோற்கடிப்பவை இரண்டு. ஒன்று, படிக்காமல் வைத்த கைநாட்டு. மற்றொன்று, பார்த்திருக்கையிலேயே கடந்துபோன காலக்கெடு.

கட்டட வேலையையே எடுத்துக்கொள்வோம். சாரம் சரிந்து ஒருவர் இறந்துபோகிறார். காரியம் முடிவதற்குள் மேஸ்திரி வீட்டுக்கு வருகிறார். அவர் பின்னால் ஒப்பந்தக்காரர். துணைக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர். ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ தாம்பாளத்தில் வைக்கப்படுகிறது. கூடவே ஒரு முத்திரைத்தாள். “இனி எவ்வித உரிமையும் கோரமாட்டேன்” என்று அதில் எழுதியிருக்கும். அழுது வீங்கிய கண்களோடு அந்தப் பெண் கைநாட்டு வைக்கிறாள். “ஏதோ இந்த மட்டும் கொடுத்தாரே, புண்ணியவான்!” என்று சுற்றியிருப்போரும் சொல்லிக்கொள்கிறார்கள். இந்தக் காட்சியை நான் ஒரு முறையல்ல, பல முறை கண்டிருக்கிறேன்.

அது புண்ணியம் அன்று, கடன். வேலை செய்யும்போதும், வேலையின் காரணமாகவும் நேர்ந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. ஆயினும் கணக்கிடும் முறை மாறவில்லை. இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை, அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்கவேண்டும். வயது 35 ஆயின் அவ்வெண் 197.06. கூலி மாதம் 15,000 ரூபாய் எனக் கொண்டால், 7,500-ஐ 197.06-ஆல் பெருக்க 14,77,950 ரூபாய் வரும். ஐம்பதாயிரம் எங்கே, பதினான்கு லட்சத்து எழுபத்தேழாயிரம் எங்கே! நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இப்பெருக்கலை அத்திண்ணையில் எவரும் போட்டுப் பார்ப்பதில்லை. உயிர் பிழைத்து, வேலை செய்யும் திறனை முற்றிலும் இழந்தவர்க்குக் கூலியில் 60 விழுக்காடு கணக்கிடப்படும்.

இதில் ஆசிரியனாகிய நான் அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அதே தொழிலாளியின் வயது 40 எனக் காகிதத்தில் ஏறிவிட்டால் பெருக்கும் எண் 184.17 ஆகிவிடும், குடும்பத்திற்கு 96,675 ரூபாய் குறையும். மருத்துவமனைச் சீட்டில் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வயது எழுதப்படுகிறது. சரியான வயதைக் காட்டுவது பள்ளிப் பதிவேடு. ஐந்தாம் வகுப்போடு நின்றவராயினும் அவர் படித்த பள்ளியில் மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். பெயிலானவன் சான்றிதழ் எதற்கு உதவும் என்று அடுப்பங்கரையில் செருகி வைத்தவர்களை நான் அறிவேன்.

சரி, அந்த முத்திரைத்தாள் என்னாகும்? பயப்படவேண்டியதில்லை. தொழிலாளி இறந்துபோனால், இழப்பீட்டுத் தொகையை முதலாளி உரிய அதிகாரியிடம் செலுத்துதல் வேண்டும். குடும்பத்தாரின் கையில் நேராகக் கொடுத்த பணத்தைச் சட்டம் இழப்பீடாகவே கொள்வதில்லை. மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதை மட்டுமே கழிக்கலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய உடன்படிக்கையும் செல்லாது. கைம்பெண்ணை ஏமாற்றி எழுதி வாங்குவார்கள் என்பதைச் சட்டம் செய்தோர் முன்னரே உணர்ந்திருந்தார்கள் போலும்! நம் மாநிலத்தில் இவ்வழக்குகளைத் தொழிலாளர் துணை ஆணையர் கேட்டு வந்திருக்கிறார். “நான் வெறும் மேஸ்திரி, என்னிடம் என்ன இருக்கிறது?” என்று ஒருவர் கைவிரித்தால், அவருக்கு வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியைக் கேட்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்கவேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அந்த அலுவலகத்தை நாடவேண்டும். நலவாரியம் தரும் உதவித்தொகை வேறு, இழப்பீடு வேறு. ஒன்றைப் பெற்றதால் மற்றொன்று போய்விடாது.

துக்க வீட்டில் அழுகையோடு அழுகையாக ஓர் இளைஞன் சில காகிதங்களைத் தேடவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காவல் நிலையத்தில் கட்டணமின்றித் தருதல் வேண்டும். பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். இறந்தவர் அங்கேதான் வேலை செய்தார் என்பதற்கு அடையாளம் வேண்டும். பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் தடுமாறுகின்றன. மேஸ்திரியின் கூலிக் குறிப்பு நோட்டு, வங்கியில் வந்த பணம், அலைபேசியில் வந்த செய்தி, வேலையிடத்தில் எடுத்த படம் ஆகிய எதுவாயினும் சாட்சிதான். அலைபேசியை விற்றுவிடாதீர்கள்.

கழிவுநீர்க் குழிகளில் நம் இளைஞர்கள் மாண்டுபோவதைப் பற்றிப் பேசாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்க இயலாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரைக் குழியில் இறக்குவதைக் குற்றமாக்கியது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் தருமாறு உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனமுற்றோர்க்குக் குறைந்தது 20 லட்சம். இத்தொகை குழியில் இறங்குவதற்கு அனுமதிச் சீட்டு அன்று. “இறங்கமாட்டேன்” என்று சொல்வதே நம் முதல் உரிமை. அப்படிச் சொல்பவனுக்கு மறுநாள் அடுப்பெரிய வேண்டுமே என்பதையும் நான் மறந்துவிடவில்லை. அதனால்தான் இக்கழகத்தின் கல்வி உதவியை வேறெந்தப் பணியினும் மேலாக மதிக்கிறேன்.

சாலை விபத்துக்குக் கெடு இன்னும் குறுகியது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தல் வேண்டும். அக்கெடு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றிருக்கிறது. எனினும் நாம் ஆறு மாதத்தையே கணக்கில் கொள்வோம். மோதிய வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்திற்கு 2 லட்சமும் கொடுங்காயமுற்றவர்க்கு 50,000 ரூபாயும் உண்டு. மருத்துவமனை வாயிலில் நின்றுகொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் தரகர்களிடம் மட்டும் எச்சரிக்கையாயிருங்கள்.

இனிக் கூலி. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. முன்பு குறைந்தபட்சக் கூலிக்கான கோரிக்கையை ஆறு மாதத்திற்குள் எழுப்பவேண்டியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதனை மூன்று ஆண்டுகளாக்கியுள்ளது. கூலி கொடுத்தேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் முதலாளியுடையதே. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்தைக் காட்டிக் குடும்பத்தையே கட்டிவைப்பவர்களுக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பதில் சொல்லும்: கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரவேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ ஒரு மனு போதும்.

நிலத்திற்கு வருவோம். 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த ட்ரெமென்ஹீர், நம் மக்கள் நிலமின்றிப் படும் துன்பத்தை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டில் அன்றைய அரசு ஆணை பிறப்பித்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகச் சொல்வர். பத்து ஆண்டுகளுக்கு விற்கலாகாது. அதன் பின்னும் நம் மக்களுக்கே விற்கலாம். மற்றவர்க்கு விற்றால் செல்லாது. இவை அந்தப் பஞ்சமி நிலத்தின் நிபந்தனைகள். அந்நிலத்தை மீட்கவே 1994 அக்டோபரில் செங்கற்பட்டு மாவட்டத்தில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்தனர்.

உயிர் கொடுத்துக் கேட்ட நிலம், பெரும்பாலும் எப்படிப் போயிற்று? ஒரு மூட்டை நெல்லுக்கும் ஒரு திருமணச் செலவுக்கும் வைத்த கைநாட்டுகளால் போயிற்று. அடமானம் என்று சொல்லிக் கிரயம் எழுதினார்கள். 1980-களில் நிலப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டபோது பல ஊர்களில் பழைய பதிவும் புதிய பதிவும் பொருந்தாமற் போயின. ஆதலால் இளைஞர்களே, முதலில் உங்கள் ஊரின் அ-பதிவேட்டைப் பாருங்கள். பழைய பதிவேட்டில் நிலம் நம்மவர்க்கு வழங்கப்பட்டதாக இருந்து, இன்றைய பட்டா வேறொருவர் பெயரில் இருந்தால், இரண்டின் நகலையும் இணைத்து வருவாய்க் கோட்டாட்சியருக்கு எழுதுங்கள். நம் நிலத்தைப் பறிப்பதும் அதில் அத்துமீறிப் பயிரிடுவதும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

பஞ்சமி நிலம் அல்லாத சொந்த நிலத்திலும் வீட்டுமனையிலும் வேறொரு சோம்பல் நம்மிடம் உண்டு. பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடக்கிறது. பேரன் வரி கட்டுகிறான். வாரிசுச் சான்று பெற்றுப் பெயர் மாற்றினால், பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை நகர்த்துமுன் யோசிப்பார். பிறர் பிடித்துக்கொண்ட சொந்த நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட்டுக் கேளாவிடில் அவரிடமே நின்றுவிடவும் கூடும். பெயர் மாற்றும்போது உடன்பிறந்த சகோதரிகளை விட்டுவிடாதீர்கள். மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. முதலாளி நம்மிடம் எழுதி வாங்குவதைக் கண்டிக்கும் நாம், அக்காளிடமும் தங்கையிடமும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது என்ன நியாயம்?

“வக்கீலுக்குப் பணம் எங்கே போவது?” என்று கேட்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அட்டவணைச் சாதியினர்க்கு வருமான வரம்பு ஏதுமின்றி வழக்கறிஞர் உதவி இலவசம், பெண்களுக்கும் அவ்வாறே. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சாதிச் சான்றோடு செல்லுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்தாலும் இரண்டு படிகளாக எழுதி, நம் படியில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். பதில் வராவிடில் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தருதல் வேண்டும். ஞாயிறு மாலைகளில் நம் கழகப் படிப்பகத்தில் நானும், ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரும் இருப்போம். யாரேனும் கையெழுத்துக் கேட்டால், ஒரு வாரத் தவணை சொல்லிவிட்டு அக்காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு வாருங்கள்; படித்துச் சொல்கிறோம். மூலப் பத்திரத்தை வீட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.