அச்சுத் தொழிலுக்கு ஒரு புத்தகசாலை



புத்தகசாலை என்றால் அது படிக்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்குமே ஏற்பட்டது என்று நம்மில் அனேகர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். எழுதினவர் எழுதியதை எழுத்தெழுத்தாய்க் கோத்து, மை தடவி, காகிதத்தில் ஏற்றிக் கொடுத்தவனுக்கு அங்கே என்ன இடம் என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்ட ஒரு கல்லூரியைப் பற்றியே இன்று சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர் பட்டணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1885-ல் கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பட்ட பள்ளிக்கூடம் ஒன்று அதற்கு வேர். 1937 முதல் அங்கே அச்சுத் தொழிலும் ஒரு படிப்பாயிற்று. செவிடர்களுக்கென்று ஒரு கல்லூரியும் 1968 முதல் அதற்குள்ளேயே நடக்கிறது. இதை ஏன் சொல்லுகிறேனென்றால், அந்நாட்டில் செவிடர் பள்ளிகளில் அச்சுத் தொழில் கற்பித்ததால், அவர்களில் எத்தனையோ பேர் பத்திரிகை ஆபீஸ்களில் எழுத்துக் கோத்துப் பிழைத்தார்கள். கர்மபலன் என்று சொல்லி மூலையில் உட்கார வைக்கவில்லை.

அந்தக் கல்லூரியில் 1969-ல் கேரி புத்தகசாலை ஏற்பட்டது. மெல்பர்ட் கேரி என்பவர் அச்செழுத்து வியாபாரி. 1941-ல் இறந்துபோனார். அவர் சேர்த்து வைத்திருந்த 2,300 புத்தகங்களே அதற்கு முதல். எழுத்தை வார்த்தது எப்படி, காகிதம் செய்தது எப்படி, தைத்து அட்டை போட்டது எப்படி என்பவைகளே அங்குள்ள சங்கதி. இன்று புத்தகங்கள் பல்லாயிரம் ஆகிவிட்டன. புத்தகங்களோடு ஈய எழுத்தும், மர எழுத்தும், கைப் பிரஸ்களும் இருக்கின்றன.

அவற்றில் ஒரு பிரஸின் கதையைக் கேளுங்கள். 1891-ல் லண்டனில் செய்த ஆல்பியன் என்னும் இரும்புக் கைப் பிரஸ் அது. வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர், சமதர்மக்காரர், சாசர் என்னும் பழைய ஆங்கிலக் கவியின் நூல்களை 87 படங்களோடு 1896-ல் அதில் அடித்து முடித்தார். படக் கட்டைகளின் அழுத்தம் தாங்க, பிரஸுக்கு எஃகுப் பட்டை போட வேண்டியிருந்தது. காகிதப் பிரதிகள் 425 தான். விலை 20 பவுன். தொழிலாளிக்காகப் பேசினவரின் புத்தகத்தைத் தொழிலாளி வாங்க முடியாமற் போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு அந்தப் பிரஸ் கடல் தாண்டி, கை மாறி, ஒரு காலத்தில் மேற்படி கேரியிடமும் இருந்தது. 2013-ல் ஏலத்துக்கு வந்தபோது கல்லூரியார் 2,33,000 டாலர் கொடுத்து எடுத்தார்கள்.

எடுத்து என்ன செய்தார்கள்? கண்ணாடிக்குள் பூட்டவில்லை. எண்ணெய் விட்டு ஓட்டுகிறார்கள். மாணவர்கள் அதில் தாள் வைத்துக் கைப்பிடியை இழுத்து அச்சடிக்கிறார்கள்.

நம் ஊர் அச்சுக்கூடங்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆயுத பூஜையன்று ட்ரெடிலுக்குச் சந்தனம், குங்குமம், பொரி கடலை! யந்திரம் குங்குமம் கேட்டதா? அது கேட்டது எண்ணெய். அன்றைக்கு யந்திரத்தை விழுந்து கும்பிட்ட முதலாளி, அதை மிதித்து மிதித்துக் கால் வீங்கினவனுக்கு மறுநாள் கூலியில் அரையணா ஏற்றினான் என்று கேள்விப்பட்டதுண்டா? பூஜை யந்திரத்துக்கு, வசவு ஆளுக்கு. அவனுக்குத் தெரிந்ததை ஒரு கல்வி என்று எந்தப் பண்டிதரும் ஒப்பவில்லை. தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கிற எழுத்தை விரல் தட்டுகிற வேகத்தில் வாசிப்பது கல்வியில்லையாம். அர்த்தம் தெரியாமல் சுலோகம் ஒப்பிப்பது கல்வியாம்!

இந்திய பாஷைகளில் தன் சொந்த எழுத்தில் முதன்முதல் அச்சேறியது தமிழ். அது 1578-ல், கொல்லத்தில். இதை மேடையில் சொன்னால் கை தட்டுகிறோம். கம்ப்யூட்டர் வந்ததும் ஈய எழுத்துக்களைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டதும் நாம்தான். எழுத்தோடு போனது ஈயம் மாத்திரமல்ல. கேஸில் எந்த அறையில் எந்த எழுத்து, கொம்பும் காலும் எங்கே, கை எதற்கு அதிகம் போகும் என்கிற கணக்கெல்லாம் கம்பாசிட்டர்களின் தலைக்குள் இருந்தது. எழுதி வைத்தவர் வெகு சிலரே.

இக்கூட்டத்திலேயே அந்த வேலை பார்த்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். நாளை மாலை அவர்கள் நம் வாசகசாலைக்கு வர வேண்டும். கேஸ் அறைகளை அவர்கள் சொல்லச் சொல்லப் படம் போட இளைஞர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். வீட்டுப் பரணில் ஒரு ஸ்டிக்கோ, ஒரு பிடி எழுத்தோ கிடந்தால் அதையும் கொண்டு வாருங்கள். துடைத்துக் கொண்டு வர வேண்டாம், மையோடேயே வரட்டும்.