சுண்டெலியும் மதுவும்

மதுரையைச் சூழ்ந்த கண்மாய்க் கரைகளில் பனைமரங்களைக் கண்டிருப்பீர்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர்; தடவாவிட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். இதை வகுப்பில் விளக்கிய அன்று, மாணவன் ஒருவன் தனியே வந்து, "ஐயா, குடிப்பழக்கம் பரம்பரையாக வருமா?" என்று வினவினான். அவன் தந்தை குடிப்பவர் என்பதை நான் அறிவேன். 'அப்பன் புத்திதானே பிள்ளைக்கும்' என்று ஊரார் பேசுவது அவன் செவியில் விழுந்திருக்க வேண்டும். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

1959-இல் அமெரிக்க அறிஞர்களான மெக்லர்ன், ராட்ஜர்ஸ் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுண்டெலிக் கூண்டில் இரண்டு புட்டிகள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆல்கஹால் கலந்த நீர். எலிகளோ சாமானியமானவை அல்ல. இருபது தலைமுறைக்கு மேல் உடன்பிறந்தவற்றையே இணைத்து வளர்த்த குலங்கள். ஒரு குலத்து எலிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. 'சி57 பிளாக்' என்னும் கறுப்பெலிக் குலம் மதுப்புட்டியையே பெரிதும் நாடிற்று. 'டி.பி.ஏ.' குலம் அதனை ஏறக்குறைய ஒதுக்கியே விட்டது. தீனி ஒன்று, கூண்டு ஒன்று. ஆகவே வேற்றுமை பிறவியிலேயே உள்ளது. 1999-இல் மூன்று நகரங்களின் ஆய்வுக்கூடங்களில் சோதித்தபோது வேறு சில குணங்கள் இடத்துக்கு இடம் மாறின. இந்த வேற்றுமையோ மூன்றிடத்தும் காணப்பட்டது.

இத்துடன் நிறுத்தினால் ஊரார் பேச்சு மெய்யென்றே தோன்றும். ஆனால் 1997-இல் வேறு இருவர், ஆல்கஹால் நாவில் படாமல் நேரே இரத்தத்தில் சேருமாறும், எலி தானே அதை வேண்டிப் பெறுமாறும் அமைத்தனர். மதுவை ஒதுக்கிய டி.பி.ஏ. எலிகளும் அதை வேண்டிப் பெற்றன! அவை வெறுத்தது பெரும்பாலும் சுவையையும் மணத்தையுமே, மயக்கத்தை அன்று. நாவின் இனிப்புணர்வுக்குரிய மரபணு ஒன்று 2001-இல் கண்டறியப்பட்டது. அது கறுப்பெலியிடம் கூர்மையாகவும், மற்றதனிடம் மழுங்கியும் இருக்கிறது. அம்மரபணுவை நீக்கிய எலிகள் மதுவைக் குறைவாகவே அருந்தின. எனவே, 'குடிக்கும் மரபணு' என்று நாம் எளிதாகப் பெயரிடுவதில் ஒரு பகுதி வெறும் நாக்கின் சமாசாரம்.

மனிதரிடையே, இரட்டையரையும் தத்துப் பிள்ளைகளையும் ஆராய்ந்தவர்கள், குடிநோய்க்கு ஆளாவதில் காணும் வேற்றுமையில் ஏறத்தாழப் பாதி பரம்பரையைச் சார்ந்தது என்கின்றனர். அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனியொருவனுடைய சாதகம் அன்று.

மாணவன் சிறிது நேரம் பேசாது நின்றான். பிறகு, "அந்தக் கறுப்பெலியின் கூண்டில் தண்ணீர்ப் புட்டி மட்டும் இருந்தால், ஐயா?" என்றான்.

"தண்ணீரைத்தான் குடிக்கும்" என்றேன்.