மன்னார் வெயிலில் ஒரு முகம்



1877ஆம் ஆண்டின் தொடக்கம். களுத்துறையில் மரியான் நோர்த் என்ற ஆங்கிலேயப் பெண்மணி படத்துக்கு நிற்கிறார். நாடுநாடாகப் போய்ச் செடிகொடிகளை ஓவியமாக்கியவர் அவர். கமராவுக்குப் பின்னால் நிற்பவர் ஜூலியா மார்கரெட் கெமரன். கல்கத்தாவில் பிறந்து, டார்வின், டெனிசன் போன்றோரின் முகங்களைப் படமாக்கி இங்கிலாந்தில் பெயரெடுத்து, 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறியவர். நோர்த்துக்கு அவர் கம்பளித் துணி போர்த்துகிறார், கூந்தலை அவிழ்த்துவிடுகிறார், தென்னோலைகள் தலையில் குத்தும்படி நிறுத்துகிறார். நேரம் உச்சிப்பொழுது. ஓலை அசையும்போதெல்லாம் வெயில் கண்ணில் பட்டுப்பட்டு விலகுகிறது. வெப்பம் 96 பாகை பரனைற். இத்தனைக்கும் நடுவே இயல்பாக இருக்கும்படி கெமரன் சொன்னார் என்று நோர்த் தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்தில் கெமரனின் ஸ்ரூடியோ, முன்பு கோழிகள் அடைபட்டிருந்த ஒரு கண்ணாடிக் கொட்டில். அங்கே ஒரு படத்துக்குப் பல நிமிடம் அசையாமல் இருக்கவேண்டும். அவ்வளவு மங்கல் வெளிச்சம். இலங்கைக்கு வந்ததும் நிலைமை தலைகீழ். வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. அதைக் குறைப்பதுதான் பாடு. தென்னோலை நிழலை அவர் தேடிப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

களுத்துறைக்கே இப்படியென்றால் மன்னாருக்கு எப்படியிருக்கும்? தென்னஞ்சோலை குறைவு. பனையின் நிழல் மெலிவு. கீழே வெண்மணல், இருபுறமும் ஆழமற்ற கடல். மேலே இருந்தும் கீழே இருந்தும் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது. படம் எடுப்பதைப் பற்றிய நூல்களோ பெரும்பாலும் குளிர்நாட்டுச் சூரியனைப் பார்த்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே மன்னாரில் பின்பற்ற முடியாது.

ஓர் உதாரணம். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஸ்ரூடியோக்கள் பல வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்துக் கட்டப்பட்டன. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் நிற்பதால், வடக்கு யன்னலில் நேர்வெயில் பெரும்பாலும் புகாது; வானத்தின் மென்வெளிச்சமே வரும். முகத்துக்கு வடக்கு யன்னலே நல்லது என்பது அதனால் விதியாகிவிட்டது. மன்னார் இருப்பது ஏறக்குறைய 9 பாகை வடக்கு அகலக்கோட்டில். இங்கே ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகல் சூரியன் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய்விடுகிறது. திரும்பி வருவது ஆகஸ்ட் கடைசியில். இடைப்பட்ட நாலரை மாதமும் வடக்கு யன்னலில்தான் வெயில் அடிக்கும். யூன், யூலையில் படம் எடுப்பவருக்குத் தெற்கு யன்னலே துணை.

சூரியன் உச்சியைக் கடக்கும் அந்த நாட்களில், பகல் 12.10 அளவில், நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. அப்போது ஒருவரை வெளியில் நிறுத்திப் படம் எடுத்தால் நெற்றியும் மூக்கு நுனியும் வெளுத்துப்போகும். கண்கள் குழிக்குள் இருண்டுவிடும். மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசைபோல விழும். எந்த விலையுயர்ந்த கமராவும் இதைத் தீர்க்காது.

காலையிலும் மாலையிலும் பொன்வெயில் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான், ஆனால் அவசரமாகப் போய்விடும். இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக ஏறி இறங்குகிறது. அடிவானத்திலிருந்து 6 பாகை உயர அதற்கு 25 நிமிடம் அளவில்தான் ஆகும். லண்டனில் கோடையில் அதே உயரத்துக்கு முக்கால் மணிநேரம் எடுக்கும். எனவே வள்ளங்கள் கரைசேரும் காலையில் பேசாலையிலோ, மேற்குக் கடலைப் பார்த்திருக்கும் வங்காலை, அரிப்புக் கரைகளில் அந்தியிலோ படம் எடுக்கப் போகிறவர், ஆளையும் இடத்தையும் முன்பே தீர்மானித்துவிட்டுப் போகவேண்டும்.

நாள்முழுதும் நல்ல வெளிச்சம் வேண்டுமானால் மாரி காலம் வரவேண்டும். மப்பும் மந்தாரமுமான வானத்தில் சூரியன் என்ற சின்னஞ்சிறு வட்டம் மறைந்து, வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. விளக்கு பெரிதானால் நிழலின் ஓரம் கரையும். சுருக்கம் விழுந்த முகமும் அழகாகத் தெரியும்.

மற்ற மாதங்களுக்கு மன்னாரிடமே ஒரு வழி இருக்கிறது. அதுதான் கரையோர மீனவர் வாடி. கிடுகுக் கூரை மேல்வெயிலை முழுதாக மறைக்கிறது. வாசலிலிருந்து இரண்டு மூன்றடி உள்ளே ஒருவரை இருத்தி, முகத்தை வாசல் பக்கம் திருப்பிப் பாருங்கள். வெளியே கிடக்கும் காய்ந்த வெண்மணல், தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கு அளவைத் திருப்பி எறிகிறது. அந்த வெளிச்சம் கீழிருந்து மெல்ல எழுந்து கண்குழியை நிரப்புகிறது. கருவிழியில் வாசலின் ஒளிப்பொட்டு விழுகிறது. பின்னால் இருட்டு. காசு கொடுத்துக் கட்டிய ஸ்ரூடியோவிலும் இதைவிட நல்ல ஏற்பாடு எளிதில் அமையாது. ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: மேலே நீலத் தறப்பாள் கட்டியிருந்தால் உள்ளே இருப்பவரின் முகத்தில் நீலம் ஏறும். ஒரு கன்னம் நீலம், மறுகன்னம் வாசல்வெளிச்சம் என்றால் கணினியாலும் முழுதாகச் சரிசெய்வது கடினம்.

யன்னலையும் வாசலையும் நம்பிப் பெரும்பெயர் எடுத்த ஒருவரை இலங்கைத் தீவே தந்திருக்கிறது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்றவர். கோகிலா, மூன்றாம் பிறை ஆகிய படங்கள் இரண்டுக்கும் ஒளிப்பதிவுக்கான இந்திய தேசிய விருது பெற்றார். ஓர் அறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருமோ அங்கிருந்தே முகத்துக்கும் வரவேண்டும் என்ற பிடிவாதத்தை அவருடைய படங்களில் காணலாம். 1988இல் வந்த வீடு படத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இனி, ஒளியை முகத்துக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டருக்கு வருவோம். கடைகளில் வெள்ளி, பொன், வெள்ளை என மடித்துவைக்கும் வட்டங்கள் கிடைக்கின்றன. மன்னாரின் வெயிலுக்கு வெள்ளையே போதும். வெள்ளிப் பக்கத்தை நண்பகலில் முகத்துக்குத் திருப்பினால் ஆள் கண்ணைச் சுருக்கிவிடுவார். மீன் அடைக்கும் ரெஜிபோம் பெட்டியின் வெள்ளை மூடியும் அதே வேலையைச் செய்யும். வெள்ளைப் படுக்கைவிரிப்பும் செய்யும். சோளகக்காற்று வீசும் மாதங்களில் ரிஃப்ளெக்டரைத் தாங்கியில் பொருத்தாமல் ஒருவர் கையில் பிடிப்பதே பாதுகாப்பு.

இருட்டியபின் விளக்கு வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் விளக்கைத் தூரத்தில் வைக்கிறார்கள். முகத்தில் வெளிச்சம் போதவில்லை என்று இன்னொன்றும் வாங்குகிறார்கள். ஒரு மீற்றரில் இருக்கும் சிறு விளக்கை இரண்டு மீற்றருக்கு நகர்த்தினால் முகத்தில் விழும் ஒளி பாதியாகாது, கால்பங்காகும். ஆகவே கிட்டக் கொண்டுவந்து, முன்னால் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் ஒரே விளக்கு போதும். அல்லது விளக்கை வெள்ளைச் சுவரின் பக்கம் திருப்பி, அங்கிருந்து திரும்பிவரும் ஒளியில் எடுக்கலாம். சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, 1956இல் வந்த அபராஜிதோ படத்துக்காக ஸ்ரூடியோவில் போடப்பட்ட காசி வீட்டின் முற்றத்துக்கு மேலே துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பினார். முற்றத்தில் இறங்கியது வானத்து வெளிச்சமே என்று பார்த்தவர்கள் நம்பினார்கள்.

கடைசியாக, நிறம். வெளிறிய தோலை அளவுகோலாக வைத்தே நீண்டகாலம் வண்ணப் படங்கள் கழுவப்பட்டன. நிறத்தைச் சரிபார்க்கவென்று கொடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய ஷேர்லி அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. இன்றைய கைத்தொலைபேசியும் பின்னால் மின்னும் கடலைப் பார்த்துவிட்டு, முன்னால் நிற்பவரின் கறுத்த முகத்தை இருட்டாக்கிவிடலாம். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கடல் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை. முகத்தை வெளுப்பாக்கும் செயலிகளை மட்டும் தொடாதீர்கள். கறுத்த தோலில் வெளிச்சம் பட்டு எழும் மினுமினுப்புக்கு ஈடான அழகு அந்தப் பூச்சில் இல்லை.

இங்கே முகங்களைப் படமாக்கி வைப்பதற்கு அழகைவிடப் பெரிய காரணமும் உண்டு. இலங்கையின் வடக்கில் பல வீடுகளில் பழைய அல்பங்கள் இல்லை. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், போரில் ஊர் ஊராக இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் நிலத்தையும் பொருளையும் இழந்தபோது படங்களையும் இழந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி வீதியில் அமரும் தாய்மார் சிலரின் கையில் இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த சிறிய படத்தின் பெரிதாக்கிய பிரதி மட்டுமே.

ஆகவே நேயர்களே, வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் இந்த வாரமே வாசலோரம் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, மறுபக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் படம் எடுங்கள். தொலைபேசியோடு விட்டுவிடாமல் தாளில் அச்சிட்டு, பின்பக்கத்தில் பெயரையும் ஊரையும் திகதியையும் எழுதி வையுங்கள்.