காப்புறுதி யாருக்காக?

மோட்டார் வாகனக் காப்புறுதி வாகனச் சொந்தக்காரரின் நன்மைக்கே ஏற்பட்டதெனப் பலர் எண்ணுவர். சட்டம் முதற்கண் கருதியதோ வீதியிற் செல்லும் அந்நியனை. பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டமும், இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் மூன்றாந் தரப்பினர்க்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கின.

காப்புறுதியின்றி ஓட்டிய சாரதி, கூலித் தொழிலாளி ஒருவனின் காலை முறித்துவிட்டான் என்று கொள்வோம். தண்டப்பணம் அரசாங்கத்தைச் சேரும். காயமுற்றவன் வழக்காடியே நட்டஈடு பெறவேண்டும். தீர்ப்புக் கிடைத்தாலும், சாரதியிடம் பொருளில்லையாயின் அது வெறுங் காகிதமே.

இக்குறையை நீக்கவே பிரித்தானியக் காப்புறுதியாளர் 1946இல் பணியகமொன்றை நிறுவினர். அது காயமுற்றவனுக்கு முதலில் ஈடுசெய்து, பின்னர் அத்தொகையைச் சாரதியிடம் அறவிட முற்படும். அவன் மிச்சம்பிடித்த கட்டணம் சொற்பம்; அதனால் வந்த கடனோ ஆயுள் முழுதும் தொடரலாம்.